முழங்கால் உயரச் சோளம்: ஆடுமாடுகளைச் சயனைடு நச்சிலிருந்து காக்கும் முறை

மழை பொய்த்த ஆண்டில் மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கும்போது, “கதிர்தான் இல்லையென்று ஆகிவிட்டது, மாடாவது மேயட்டும்” என்று வேலியைத் திறந்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால் சோளப் பயிர் தன் வாழ்நாளிலேயே மிகுந்த நஞ்சைச் சுமந்து நிற்கக்கூடிய நிலை அதுதான். உள்ளே போன மாடுகளில் ஒன்றிரண்டு கால் மணி நேரத்துக்குள் தள்ளாடி விழுவதும், மருத்துவர் வந்து சேர்வதற்குள் மூச்சு அடங்குவதும் சோளம் விளையும் வட்டாரங்களில் புதிய செய்தி அல்ல. இதே பயிரை இன்னும் சில வாரங்கள் கழித்து அறுத்துக் காயவைத்துப் போட்டால் அதே மாடுகள் ஆண்டு முழுதும் தின்று நலமாக இருக்கும். எனவே சோளம் நஞ்சா, தீவனமா என்று கேட்பதில் பொருளில்லை. அது எந்த வயதில், எந்த ஈரத்தில், எத்தனை பசியோடு வரும் விலங்கின் வாய்க்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது

சோளத்தின் இலைகளில் துரின் என்னும் சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. 1902ஆம் ஆண்டில் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு வேதியியலாளர்கள் எகிப்திய இளஞ்சோளத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து, சோளத்துக்கு அரபு மொழியில் வழங்கும் ‘துரா’ என்ற பெயரையொட்டி இப்பெயரைச் சூட்டினார்கள். துரின் தன்னளவில் உடனடித் தீங்கு செய்வதில்லை. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது என்றாலும், இரண்டும் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. இலை மெல்லப்படும்போதும், மிதிபடும்போதும், வாடும்போதும் அந்தத் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்க, ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் சயனைடு நஞ்சு வெளிப்படுகிறது. அசைபோடும் விலங்குகளுக்கு ஆபத்து கூடுதல். அவற்றின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளே துரினை உடைத்துவிடுகின்றன. குதிரைக்கும் பன்றிக்கும் வயிற்று அமிலம் அந்த நொதியைப் பெரும்பாலும் செயலிழக்கச் செய்வதால், அவை இந்த வகையில் ஓரளவு தப்பிக்கின்றன.

வெளிப்பட்ட சயனைடு இரத்தத்தில் கலந்து, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதற்குத் தேவையான நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. நுரையீரல் வேலை செய்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜனும் நிறைந்திருக்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொள்ள உடலால் முடிவதில்லை. இந்த நச்சில் இரத்தம் செக்கச்செவேல் என்று இருப்பதன் காரணம் இதுவே. நோயை இனங்காண்பதில் இந்த நிறம் பின்னால் நமக்கு உதவும்.

அளவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஹைட்ரோசயனிக் அமிலம் விரைவாக உள்ளே போனால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உயிராபத்து ஏற்படும். பசுந்தீவனத்தில் பத்து லட்சத்தில் 200 பங்கு, அதாவது ஒரு கிலோ பச்சைத் தழையில் 200 மில்லிகிராம், என்ற அளவை ஆபத்தின் எல்லையாகக் கொள்வது வழக்கம். அந்த அளவுள்ள தழையில் 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 3 கிலோவும், 25 கிலோ எடையுள்ள வெள்ளாட்டுக்குக் கால் கிலோவும் போதும். இளஞ்சோளத்தில் நஞ்சு இந்த எல்லையைத் தாண்டியும் இருப்பதுண்டு. சிறிது சிறிதாக உள்ளே போகும் சயனைடை உடல் கந்தகத்தோடு சேர்த்துத் தீங்கற்ற தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும் என்பதால், தின்ற அளவோடு தின்ற வேகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பட்டினி கிடந்த மாடு பத்து நிமிடத்தில் வாரி விழுங்குவதும், வயிறு நிறைந்த மாடு ஒரு பொழுது முழுதும் கொறிப்பதும் ஒன்றல்ல.

எப்போது அஞ்ச வேண்டும்

முளைத்து வரும் இளம்பயிரில் நஞ்சு மிகுதி. வயது ஏற ஏறக் குறையும். தண்டைவிட இலையில் மிகுதி; இலைகளிலும் நுனிக்குருத்தில் கூடுதல். மேய்ப்பவர்கள் இதைப் பொதுவாக அறிந்தே இருக்கிறார்கள். பயிர் சிறிதாக இருக்கும் வரை காவலும் இருக்கும். கவனம் தவறுவது பெரும்பாலும் வேறு மூன்று சூழ்நிலைகளில்தான்.

முதலாவது, மேலே சொன்ன வறட்சி. நீரின்றி வளர்ச்சி நின்ற பயிர் நாள் கணக்கில் முதிர்ந்ததாக இருந்தாலும், நஞ்சைப் பொறுத்தவரை இளம்பயிரைப் போலவே இருக்கும். ‘விதைத்து 60 நாள் ஆயிற்றே’ என்ற கணக்கு இங்கே செல்லாது. உயரமும் பூப்பும் மட்டுமே சான்று. மேலை நாட்டுக் கையேடுகள் உறைபனி விழுந்த சோளத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எச்சரிக்கும். நம் ஊர்ச் சோளக்காட்டில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது வறட்சியும், அதன் பின்னால் வரும் திடீர் மழையும்.

இரண்டாவது, மறுதாம்பு. கதிர் அறுத்துத் தட்டையும் (தண்டையும்) வெட்டிய பிறகு காட்டில் நிற்கும் அடிக்கட்டைகள் ஒரு கோடை மழைக்குத் துளிர்த்துவிடும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும் நிலத்தில் அந்தப் பச்சை ஒன்றுதான் ஆடுகளின் கண்ணில் படும். விளைச்சல் முடிந்த காடு என்பதால் வேலியும் திறந்து கிடக்கும், காவலும் இராது. என் கணிப்பில், முதல் பயிரைவிட இந்தத் துளிரே கூடுதலான ஆபத்து; அதை யாரும் பயிராக எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். முதிர்ந்த பயிருக்கும் இது பொருந்தும்: தலைக்கு மேல் வளர்ந்து கதிர் ஈன்ற சோளத்தின் அடியில் புதுக் கிளைப்புகள் வந்திருந்தால், ஆடு முதலில் தேடிக் கடிப்பது அவற்றைத்தான்.

மூன்றாவது, அரைகுறையாக வாடிய தழை. மாலையில் வெட்டிய பச்சைச் சோளத்தைக் குவித்துப்போட்டுக் காலையில் எடுத்தால் குவியலின் நடுவில் சூடேறி இருக்கும். அந்தச் சூட்டிலும் வாட்டத்திலும் உயிரணுக்கள் உடைந்து நஞ்சு வெளிப்பட்டுத் தழையிலேயே தேங்கியிருக்கக்கூடும். முற்றாகக் காய்ந்த தட்டை வேறு, ஓர் இரவு வாடிய தழை வேறு. ‘வாட்டிப் போட்டால் விஷம் போய்விடும்’ என்ற பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றோடு உரமும் மருந்தும் சேர்கின்றன. தழைச்சத்து மிகுந்தும் மணிச்சத்து குறைந்தும் உள்ள நிலத்தில் விளையும் சோளத்தில் நஞ்சு கூடும். 2,4-டி போன்ற களைக்கொல்லி பட்ட பயிரிலும் அப்படியே. யூரியா போட்ட கையோடு வறட்சி பிடித்தால் அந்தக் காட்டைக் கூடுதல் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

ஜான்சன் புல் என்னும் களைச்சோளமும் இந்தக் குடும்பமே. வாய்க்கால் ஓரத்தில் அடர்ந்து நிற்கும் சோளம் போன்ற புல்லைக் கண்டால் அதே எச்சரிக்கை பொருந்தும். கம்பில் இந்த நஞ்சு இல்லை. மக்காச்சோளத்திலும் இதைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. காவல் போட ஆளில்லாதவர்கள், ஆடுகள் நடமாடும் பாதையை ஒட்டிய காட்டில் பசுந்தீவனத்துக்காகச் சோளம் விதைப்பதைவிடக் கம்பு விதைப்பது நிம்மதியானது.

மேய்ச்சலையும் அறுவடையையும் அமைத்துக்கொள்வது

பச்சையாகக் கொடுப்பதானால், பயிரில் பாதியளவு பூத்த பிறகே அறுப்பது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்த்துவிடலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.எப்.எஸ். 29 போன்ற பல அறுவடைத் தீவனச் சோளத்தில் விதைத்த 65ஆம் நாள் வாக்கில் முதல் அறுப்பும், அதன்பின் 50 நாளுக்கு ஓர் அறுப்பும் என்று பரிந்துரைத்திருப்பதும் இதற்கு ஒத்துப்போவதுதான். தண்ணீர் குறைவின்றிக் கிடைத்த பயிருக்கே அந்த நாள் கணக்கு பொருந்தும் என்பதையும், இரண்டாம் அறுப்பு தொடங்கி எல்லாமே மறுதாம்பு என்பதையும் மறக்கக் கூடாது. தீவனத் தட்டுப்பாட்டில் பூக்கும் வரை காத்திருக்க முடியாதவர்கள், பயிர் இடுப்பளவு உயரத்தை எட்டும் வரையாவது பொறுக்க வேண்டும்; 75 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள சோளத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கால்நடையை விடக் கூடாது.

காட்டில் விட்டே மேய்ப்பவர்கள், காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்த மாட்டை வெறும் வயிற்றோடு சோளக்காட்டுக்கு ஓட்டிப்போகக் கூடாது. முதலில் வைக்கோலோ காய்ந்த தட்டையோ வயிறாரப் போட்டு, தண்ணீர் காட்டி, நண்பகலுக்குப் பிறகு அழைத்துச் சென்று, முதல் நாளில் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தோடு திருப்பிக்கொண்டு வந்து, அடுத்த சில நாட்களில் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த நேரம் முழுவதும் ஆள் கூடவே இருக்க வேண்டும். சிலர் ஒரு வயதான ஆட்டை மட்டும் முதலில் விட்டுப் பார்த்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் மந்தையை உள்ளே விடுகிறார்கள். ஒரே காட்டில் மேட்டுப் பகுதிப் பயிர் வாடியும் பள்ளத்துப் பயிர் செழித்தும் நிற்கும்போது, அந்த ஓர் ஆடு எந்த மூலையில் மேய்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் விடை கிடைக்கும் என்பதால், அதைச் சோதனை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

உண்மையான சோதனை பிக்ரேட் தாள் சோதனை. நறுக்கிய இலையை மூடிய குப்பியில் இட்டு, சோடியம் பிக்ரேட்டில் நனைத்த மஞ்சள் தாளை அதனுள் தொங்கவிட்டால், சயனைடு இருக்கும்போது தாள் ஆரஞ்சாகவும் பின் செங்கல் நிறமாகவும் மாறும். அந்தக் கரைசலுக்கு வேண்டிய பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் என்பதால் இதை வீட்டில் செய்ய முனைய வேண்டாம். கால்நடை மருந்தகம் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. மாதிரியை, காட்டின் மோசமான பகுதியிலிருந்து எடுத்துக் காற்றுப் புகாத பையில் கட்டி அன்றே சேர்க்க வேண்டும். திறந்து கொண்டுபோனால் வழியிலேயே நஞ்சு ஆவியாகி, ஆய்வு முடிவு தவறான துணிச்சலைத் தந்துவிடும்.

கொங்கு நாட்டில் வழக்கமாகச் செய்வதுபோல் சோளத்தை அறுத்துக் காட்டிலேயே பரப்பி, புரட்டிப்போட்டு, தண்டு மடக்கென்று ஒடியும் வரை காயவைத்துப் பிறகு கட்டுக் கட்டிப் போர் போட்டால், சயனைடு பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். வாடிய மானாவாரிப் பயிருக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை: கதிர் போனாலும் தட்டை கைக்கு வருகிறது. காயும் நாட்களில் அந்தக் காட்டுக்குள் கால்நடை போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் கட்டாயம். குழியில் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல்லாக (சைலேஜ்) பதனம் செய்தாலும் நஞ்சு குறையும். குழியைக் குறைந்தது ஒரு மாதம், கூடுமானால் 45 நாள் மூடி வைத்து, எடுத்ததைச் சிறிது நேரம் காற்றாட விட்டுப் பிறகு போட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் சோளப் பயிரில் மேயும் மாடுகளுக்குக் கந்தகம் சேர்த்த உப்புக் கட்டிகளை வைக்கிறார்கள். சயனைடை முறிக்க உடல் செலவிடும் கந்தகத்தை அது ஈடுசெய்யும். பச்சைச் சோளத்தைத் தொடர்ந்து கொடுப்பவர்கள் தாது உப்புக் கலவையைத் தவறாமல் சேர்ப்பதற்கும் இது ஒரு காரணம். ஆனால் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விட்டுவிட்டு உப்புக் கட்டியை நம்பியிருக்க முடியாது.

மாடு விழுந்தால்

தின்ற பத்துப் பதினைந்து நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தோன்றும். முதலில் மிரட்சி, வேகமான மூச்சு, வாயில் நுரையும் உமிழ்நீரும். பிறகு தசைத் துடிப்பு, தள்ளாட்டம். விழுந்தபின் கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சுக்குத் திணறல், விரிந்த கண்மணி, வலிப்பு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் பளீரென்று சிவந்திருக்கும். இறுதிக் கட்டத்தில் அது நீலம் பாய்ந்துவிடும். வாயிலிருந்து வாதுமைக் கசப்பு போன்ற வாசனை வரலாம். பிறவியிலேயே அந்த வாசனையை உணர முடியாதவர்களும் இருப்பதால், வாசனை இல்லையென்று சொல்லி ஐயத்தை விலக்கிவிடக் கூடாது. அறிகுறி தொடங்கி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த விலங்கு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

முதல் வேலை தொலைபேசி அழைப்பு. அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் 1962 என்ற எண்ணையோ அழைத்து, ‘மாடு விழுந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லாமல், ‘இளஞ்சோளம் தின்று விழுந்திருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். மருத்துவர் எந்த மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்பது அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. அடுத்து, நின்றுகொண்டிருக்கும் மற்றவற்றை அடித்து விரட்டாமல் மெதுவாகக் காட்டைவிட்டு வெளியே கொண்டுவந்து நிழலில் நிறுத்த வேண்டும். ஓட்டம் உடலின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டிவிடும். விழுந்ததை நெஞ்சு தரையில் படியும்படி நிமிர்த்தி உட்காரவைக்க முடிந்தால் அப்படிச் செய்யலாம்.

மோர், புளிக்கரைசல், வெல்லத் தண்ணீர், எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றும் வழக்கம் எங்கும் இருக்கிறது. இவற்றில் எதுவும் மாற்று மருந்து அல்ல. திணறிக்கொண்டிருக்கும் மாட்டின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய் உயிரைப் பறித்துவிடக்கூடும். மாற்று மருந்து நரம்பு வழியே போக வேண்டியது. மருத்துவர் முதலில் சோடியம் நைட்ரைட்டையும் தொடர்ந்து சோடியம் தயோசல்பேட்டையும் செலுத்துவார். முன்னது இரத்தத்தின் ஒரு பகுதியை மாற்றி, அது சயனைடை உயிரணுவிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்படி செய்யும்; பின்னது கந்தகத்தைக் கொடுத்துச் சயனைடைத் தயோசயனேட்டாக்கும். பழைய புகைப்பட இருட்டறைகளில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய உப்புதான் இந்தத் தயோசல்பேட். இரைப்பையில் எஞ்சியிருக்கும் நஞ்சை முறிக்க மாட்டுக்கு 30 கிராம் அளவில் வாய்வழியாகவும் கொடுப்பதுண்டு. சோளம் மிகுதியாக விளையும் ஊரில் மருத்துவரைக் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருப்பது பயனுள்ளது. விழாமல் நிற்கும், விழுங்கக்கூடிய விலங்குக்கு மட்டும், அவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.

சோடியம் நைட்ரைட்டை மட்டும் ஒருபோதும் தானாகக் கையாளக் கூடாது. அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதே சோளம் தரக்கூடிய மற்றொரு நச்சு. வறட்சியிலும் மிகுந்த தழையுரத்திலும் சோளம் நைட்ரேட்டையும் தண்டின் அடிப்பகுதியில் சேர்த்துக்கொள்ளும்; கம்பும் மக்காச்சோளமும் கம்பு நேப்பியர் என்னும் தீவனப் புல்லும்கூட இதைச் செய்யும். நைட்ரேட் நச்சிலும் மாடு மூச்சுத் திணறி விழும். ஆனால் இரத்தம் சிவப்பாக இராமல் காபிக் கஷாயம் போலப் பழுப்பாக இருக்கும். அதற்கு மருந்து மெத்திலீன் நீலம். அங்கே நைட்ரைட்டைச் செலுத்துவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். ஆகவே இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து மருத்துவரிடம் சொல்வது பெரிய உதவி. நைட்ரேட் காயவைத்தாலும் போகாது, பதனம் செய்தால் ஓரளவு குறையும். கடும் வறட்சியில் நின்ற பயிரை அறுக்கும்போது அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுக்கச் சொல்வது இதனால்தான்.

செத்துவிட்டால்

பல கால்நடைகள் ஒரே நேரத்தில் மடிந்தால், அறுத்துப் பார்ப்பதற்கு முன் மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து உறையாத கருநிற இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும் அந்த நோயில் உடலைத் திறக்கவே கூடாது. அந்த ஐயம் இல்லையென்று மருத்துவர் தீர்மானித்த பின் பிணப்பரிசோதனை நடக்கும். இரைப்பைப் பொருள், கல்லீரல், இரத்தம் ஆகியவற்றின் மாதிரிகள் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டுக் குளிர்நிலையில் போக வேண்டும். காப்பீட்டுத் தொகைக்கு மருத்துவரின் சான்று தேவைப்படும் என்பதால் காது வில்லையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர் வரும் வரை உடலைப் புதைக்காமல் இருக்க வேண்டும். இறைச்சியை விற்பதோ பங்கிடுவதோ கூடாது.

அந்தக் காட்டை ஆத்திரத்தில் உடனே உழுதுபோட வேண்டியதில்லை. மழை கிடைத்தால் பூக்கும் வரை விட்டு, அறுத்துக் காயவைத்துக்கொள்ளலாம். அதுவரை வேலியை அடைத்து, பக்கத்துக் காட்டுக்காரரிடமும் அவ்வழியே மந்தை ஓட்டுபவரிடமும் நேரில் சொல்லிவைக்க வேண்டும். கிடை போட, அதாவது இரவில் ஆடுகளைக் காட்டில் அடைக்க, வரும் வெளியூர் ஆட்டுக்காரருக்கு உங்கள் காட்டில் மறுதாம்பு துளிர்த்திருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை; கிடை பேசும்போதே அதைச் சொல்லி, துளிரை அறுத்து அப்புறப்படுத்திய பிறகு பட்டி அடிக்கச் சொல்லுங்கள்.